ஆறுமுன்னும் ஆறியபின்னும்

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்பது நம் நாட்டுப் பழமொழி. செய்யவேண்டியதைச் சூட்டோடு சூடாகச் செய்துவிடவேண்டும், காலந் தாழ்த்தினால் பயன் குன்றும் என்பது அதன் கருத்து. “ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை” என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. சோறு வேகும்வரை காத்திருந்தவன், அது இலையில் ஆறும்வரை காத்திராமல் வாயைச் சுட்டுக்கொண்டான் என்று அது பழிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும், இரண்டும் மெய்யே. எந்தக் காரியத்துக்கு எது பொருந்தும் என்று பகுத்துணர்வதே அறிவுடைமை. அப்பகுப்பினைக் கண்கூடாகக் கற்பிக்கும் பொருளொன்று நம்மிற் பலருடைய வீட்டு வாயிலிலேயே நிற்கின்றது. அது மோட்டார் லாரி.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்ப்புறங்களில் லாரித் தொழிலே பல குடும்பங்களின் ஜீவனம். பல வண்டிகளையுடைய முதலாளிகள் ஒருபுறமிருக்க, ஒரே வண்டியைக் கடனுக்கு வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போரும் உளர். அத்தகையோர் எண்ணெய் மாற்றுதல், ரேடியேட்டர் நீர் பார்த்தல், சக்கரங்களைச் சோதித்தல் முதலிய சிறு வேலைகளைப் பட்டறைக்கு விடாமல் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்வது வழக்கம். விடுமுறை நாட்களில் தந்தைக்கோ தமையனுக்கோ இவ்வேலையிற் கைகொடுக்கும் மாணவர் நம் கல்லூரியிலும் உண்டு. அவர்களை முன்னிட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகிறேன்.

என் சிற்றப்பா அத்தகைய ஒற்றை லாரிக்காரர். ஒரு கோடைக்காலத்து இரவில் பாரம் இறக்கிவிட்டு வீடு திரும்பினார். வழியில் மலையேற்றத்தில் எஞ்சின் மிகவும் சூடேறிவிட்டதென்றும், விடியுமுன் மறுபடி பாரம் ஏற்றச் செல்லவேண்டுமென்றும் கூறி, “தம்பி, விளக்கைப் பிடி, தண்ணீர் பார்த்துவிடுவோம்” என்றார். நான் விளக்கைப் பிடித்தேன். அவர் ரேடியேட்டர் மூடியின்மீது ஒரு துணியைப் போட்டுத் திருகினார். அடுத்த கணத்தில் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு எழுந்து, அவருடைய வலக்கையை முழங்கைவரை வேகவைத்துவிட்டன. ஆறு வாரம் அவர் வண்டி ஓட்டவில்லை. வண்டி நின்றது, கடன் தவணை நிற்கவில்லை. சிற்றன்னையின் கழுத்திலிருந்த சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அந்நிகழ்ச்சியில் என் மனத்தை இன்றும் உறுத்துவது வேறொன்று. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை உயரும் என்னும் பாடத்தைப் பரீட்சையில் பிழையற எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, ஏட்டில் எழுதியதும் என் கண்முன் நடப்பதும் ஒன்றே என்பது தோன்றவில்லை. ஆகவே வாய் திறவாமல் நின்றேன். கற்றது கைக்கு வராவிடின் கல்வியாற் பயனென்னை? இனி, எஞ்சினின் சூட்டைக் கற்ற முறைப்படி ஆராய்வோம்.

சூட்டின் வரலாறு

எரிபொருளின் வெப்பத்தை வேலையாக மாற்றுவதே எஞ்சினின் தொழில். ஆனால் வெப்பம் முழுவதும் வேலையாவதில்லை. ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கே வேலையாயிற்று. அக்காலத்துக்கு அதுவே பெரு வியப்பு. இன்றைய லாரி எஞ்சின்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கினை வேலையாக்குகின்றன. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு போகின்றது. ஒரு பகுதி ரேடியேட்டர் நீர் வழியாகக் காற்றில் கலக்கின்றது. சிறுபகுதி எண்ணெயிலும் இரும்பிலும் தங்குகின்றது.

எஞ்சின் ஓடும்வரையில் பம்பு நீரைச் சுற்றி ஓடச் செய்கின்றது. விசிறி காற்றை இழுக்கின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியவுடன் பம்பும் விசிறியும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பிலுள்ள வெப்பம் உடனே போய்விடுவதில்லை. அது அசைவற்று நிற்கும் நீருக்குள் இறங்குகின்றது. ஆதலின் எஞ்சினை நிறுத்திய சில நிமிஷங்களில் அதிலுள்ள நீரின் சூடு குறையாமல் கூடுவதும் உண்டு. ‘வண்டி நின்றுவிட்டது, இனி ஆறத் தொடங்கிவிடும்’ என்று எண்ணிக் கைவைக்கும் அந்த நேரமே யாவற்றினும் கொடிய நேரம் என்பது இதனாற் பெறப்படும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியை நிறுத்துமுன் இரண்டு மூன்று நிமிஷம் எஞ்சினை மெதுவாக ஓடவிடவேண்டும் என்று வண்டிப் புத்தகங்கள் கூறுவதன் காரணமும் இதுவே. அவ்வாறு செய்வது டர்போ என்னும் காற்றழுத்தியின் சுழல் தண்டுக்கும் நன்மை பயக்கும்.

ஆகவே எஞ்சினுக்குக் கொதிசூடு, இளஞ்சூடு, குளிர்ச்சி என மூன்று நிலைகள் உண்டென்று கொள்க. ‘சூடு இருக்கும்போதே வேலையைச் செய்’ என்று பெரியோர் கூறுவது இளஞ்சூட்டைக் குறித்ததே அன்றிக் கொதிசூட்டைக் குறித்ததன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே விபத்துக்களுக்கு மூலம்.

இந்த வேறுபாட்டை அளவால் அறியலாம். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதை ஆராய்ந்து 1947-இல் வெளியிட்டனர். 44 டிகிரி சென்டிகிரேடு சூடு தோலைக் கெடுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும்; 60 டிகிரி சூட்டுக்கோ ஐந்து வினாடியே போதும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது 16 டிகிரிதான். நெடுந்தூரம் ஓடிய எஞ்சினின் எண்ணெய் 90 அல்லது 100 டிகிரிச் சூட்டில் இருக்கும். அது கையிற் பட்டால் வழித்தெறிவதற்குள் தோல் வெந்துவிடும். நீரைப்போல் வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

இளஞ்சூட்டிற் செய்யத்தக்கவை

முதலாவது, எண்ணெய் மாற்றுதல். எஞ்சின் எண்ணெய் சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பது யாவரும் அறிந்ததே. லாரிகளில் பெரிதும் வழங்கும் 15 டபிள்யூ 40 என்னும் வகை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அதற்குள்ள கெட்டித்தன்மை 50 டிகிரியில் பாதிக்கும் குறைந்துவிடுகிறது; 60 டிகிரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. இளகிய எண்ணெய் விரைந்து வடியும், சந்துகளில் தங்காது, அடியில் படியும் கசடும் உலோகத் துகளும் அதனோடு கலந்து வெளியேறும். விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினின் எண்ணெயை வடித்தால், பழைய அழுக்கிற் சிறிது பின்தங்கிப் புதிய எண்ணெயிற் கலந்துவிடும்.

அங்ஙனமாயின், கொதிக்கக் கொதிக்க வடித்தல் இன்னும் நன்றன்றோ என வினவலாம். அன்று. 50, 60 டிகிரியிலேயே எண்ணெய் வேண்டிய அளவு இளகிவிடுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் வடிதலுக்குத் தரும் நன்மை சிறிது. கைக்குத் தரும் தீமை பெரிது. ஆகவே வண்டியை நிறுத்தி அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். பெரிய எஞ்சினாயின் இன்னும் நேரம் ஆகலாம். சம்ப் என்னும் அடி எண்ணெய்த் தொட்டியின் அருகே முதலில் புறங்கையைக் கொண்டு சென்று அனலைப் பார்க்கவேண்டும். பின்னர்ச் சற்றே தொட்டுப் பார்க்கவேண்டும். நோவின்றிச் சில வினாடி கை தாங்குமாயின், அதுவே ஏற்ற பதம். தாங்காவிடின் இன்னும் ஆறட்டும் என்று விட்டுவிடுக.

வேலை தொடங்குமுன் வண்டி மட்டமான தரையில் நிற்கவேண்டும். கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையிற் போட்டுக்கொள்ளவேண்டும். இல்லையேல் நாம் அடியிற் படுத்திருக்கையில் அறியாத பிள்ளை ஒருவன் ஏறித் திருப்பிவிடக்கூடும். வண்டியைத் தூக்கவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். எஞ்சின் ஆறிவிடுமே என்னும் அவசரத்தில் இந்த ஒழுங்கை விட்டவர் உயிரையே இழக்க நேரிடும்.

வடிதுளையின் போல்ட்டை ஸ்பானரால் இளக்கியபின், கடைசிச் சுற்றுக்களைக் கையுறை அணிந்த கையால் மெல்ல உள்நோக்கி அழுத்தியவாறே திருகி, எண்ணெய் வரும் வழியினின்று பக்கவாட்டில் விரைந்து விலக்கவேண்டும். எண்ணெய் முழங்கை வழியே வழிந்தோடாதபடி கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளவேண்டும். வடியும் எண்ணெயைக் கண்ணாலும் மூக்காலும் ஆராய்தல் நன்று. வெள்ளிப் பொடிபோல் மின்னுமாயின், உள்ளே பேரிங்கோ வேறு உறுப்போ தேய்கின்றது. பால் கலந்தாற்போல் இருப்பின் நீர் கலந்துள்ளது. டீசல் நாற்றம் மிகுந்தால் எரிபொருள் கசிகின்றது. நோயாளியின் நாடியைப் பார்த்தறியும் வைத்தியரைப்போல், லாரி உடையவன் பழைய எண்ணெயைப் பார்த்தறிதல் வேண்டும்.

எண்ணெய் வடிகட்டியை மாற்றுங்கால், பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடவில்லை என்பதை உறுதிசெய்து, புதிய வளையத்தின்மீது சிறிது புது எண்ணெயைத் தடவிப் பொருத்துக. வடிபோல்ட்டுக்குப் புது வாஷர் இட்டு முடுக்குக. வலிமை காட்டி அளவுக்கு மேல் முடுக்கினால் மரை அழியும். புதிய எண்ணெய் ஊற்றியபின் எஞ்சினைச் சிறிது ஓட்டி, எண்ணெய் அழுத்தம் ஏறியதைக் கண்டு, நிறுத்திச் சில நிமிஷம் கழித்து அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே நிற்றல் முறை. கியர்ப் பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகியவற்றின் எண்ணெய் இன்னும் கெட்டியாதலின், அவற்றையும் வண்டி ஓடி வந்தபின் இளஞ்சூட்டில் வடிப்பதே தக்கது.

இரண்டாவது, சக்கரங்களைச் சோதித்தல். இது வண்டி வந்து நின்றவுடன் செய்யவேண்டிய வேலை. சிறிது தாமதித்தாலும் பயனின்றிப் போகும். வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பாகத்தருகே தொடாமற் புறங்கையை நீட்டி அனலைப் பார்க்கவேண்டும். மலையிலிருந்து இறங்கிவந்த வண்டியில் எல்லாச் சக்கரமும் சுடும், அது இயல்பே. நாம் தேடுவது, ஒரே அச்சின் இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருக்கின்றனவா என்பது. ஒன்று மட்டும் மிகச் சுடுமாயின், அங்கே பிரேக் முழுதும் விடுபடாமல் உரசுகின்றது. அல்லது பேரிங்கில் கிரீஸ் வற்றியுள்ளது. ஒன்று மட்டும் மிகக் குளிர்ந்திருப்பின், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஐயுறவேண்டும். தொடாமலே சூட்டை அளந்து காட்டும் கைக்கருவி இன்று கடைகளில் கிடைக்கின்றது. அதனை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நன்று. எவ்வாறாயினும், இக்குறிகள் விடியற்காலையில் மறைந்துவிடும். எல்லாச் சக்கரமும் ஒன்றுபோல் குளிர்ந்து நிற்கும். “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

மூன்றாவது, வால்வு இடைவெளி பார்த்தல். உலோகம் வெப்பத்தால் விரியும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் நீளும். அதே அளவுள்ள வார்ப்பிரும்பு அதிற் பாதியே நீளும். வால்வின் இடைவெளியோ மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கே. ஆதலின் சூட்டில் அளந்த அளவும் குளிரில் அளந்த அளவும் ஒவ்வா. சில எஞ்சின்களுக்குச் சூட்டில் அளவு குறித்திருப்பர். வேறு சிலவற்றுக்குக் குளிரிற் குறித்திருப்பர். வண்டியோடு தந்த புத்தகத்தில் எது குறித்துள்ளதோ அதுவே பிரமாணம். பிறர் வண்டியைக் கண்டு செய்தல் கூடாது.

ஆறியபின்னன்றிச் செய்யலாகாதவை

இவற்றுள் தலையாயது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல். என் சிற்றப்பாவின் கையை வேகவைத்தது எது என்பதை இப்பொழுது கணக்கிட்டுப் பார்ப்போம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஒரு வில்லால் அழுத்தப்பட்டு, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தம்வரை ஆவியை உள்ளே அடக்கி வைக்கும் இயல்புடையது. அவ்வழுத்தத்தில் நீர் சுமார் 120 டிகிரிவரையிலும் கொதியாமல் நிற்கும். மூடியைத் திருகியவுடன் அழுத்தம் நீங்குகின்றது. 100 டிகிரியிற் கொதிக்கவேண்டிய நீர் 120 டிகிரியில் நிற்கின்றதே! மிகுதியான 20 டிகிரி வெப்பமும் ஒரே கணத்தில் நீரை ஆவியாக்கப் பாய்கின்றது.

ஒரு கிலோகிராம் நீரில் அந்த மிகுதி வெப்பம் ஏறத்தாழ 84 கிலோ ஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க வேண்டுவது ஏறத்தாழ 2,257 கிலோ ஜூல். ஆகவே அந்நீரில் சுமார் 37 கிராம் உடனே ஆவியாகும். இது மிகச் சிறிதன்றோ எனலாம். ஆனால் அச்சிறு நீர் ஆவியானபோது கொள்ளும் இடம் ஏறத்தாழ 60 லிட்டர்! ஒவ்வொரு லிட்டர் நீரினின்றும் அறுபது லிட்டர் ஆவி புறப்பட்டு, மேலிருக்கும் கொதிநீரையும் அள்ளிக்கொண்டு ஒரு சிறு வாய் வழியே வெளிப்பட்டால், ஒரு துண்டுத் துணி எங்ஙனம் தடுக்கும்? நீரோடு குளிர்திரவம் கலந்திருப்பின் அது கொதிக்கும் நிலை இன்னும் சற்றே உயருமாதலின், அபாயம் குறைவதில்லை.

ஆகவே மூடியைத் தொடுமுன் மேற்குழாயைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அந்த ரப்பர்க் குழாய் கையாற் பிடிக்கத்தக்க குளிர்ச்சி பெற்று, அழுத்தினால் விறைப்பின்றித் தளர்ந்திருப்பின், உள்ளே அழுத்தம் இல்லையென்று அறிந்து, கனத்த துணியிட்டு முகத்தை விலக்கி மெல்லத் திறக்கலாம். வழியிற் கொதித்து நின்ற வண்டிக்கும் இதுவே விதி. கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைக் கொட்டுதலும், வெளியே வாரியிறைத்தலும் ஆகா. ஒரு பக்கம் சுருங்க மறுபக்கம் விரிந்தே நிற்க, எஞ்சினின் மேற்றலை விரிசல் கண்டுவிடும். அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தப்போய் பல்லாயிரம் ரூபாயைச் செலவழிக்க நேரிடும்.

இரண்டாவது, டயரின் காற்றை அளத்தல். காலையில் 27 டிகிரியில் 100 பவுண்டு காற்று அடைத்த டயர், ஓடி ஓடி 57 டிகிரிக்குச் சூடேறினால், அதன் அழுத்தம் ஏறத்தாழ 111 பவுண்டு ஆகும். இது வாயுக்களின் விதிப்படி நேரும் இயற்கை. டயர் செய்வோர் இதனை எதிர்பார்த்தே செய்துள்ளனர். இதனை அறியாதவர், ‘காற்று மிகுந்துவிட்டது’ என்று 100 பவுண்டுக்கு இறக்கிவிடுவர். மறுநாட் காலையில் அந்த டயர் ஆறும்போது அதில் நிற்பது சுமார் 90 பவுண்டே. காற்றுக் குறைந்த டயர் பாரத்தின்கீழ் மிக வளைந்து நெளியும். நெளிவதால் இன்னும் சூடேறும். சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கும். ஆதலின் டயரின் காற்றை ஆறியபின்னரே அளக்கவேண்டும். சூட்டிற் காற்றை இறக்குதல் எஞ்ஞான்றும் கூடாது.

மூன்றாவது, எரிபொருட் குழாய்களைக் கழற்றுதல். இன்றைய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கின்றது. எஞ்சின் ஓடும்போது எங்கே கசிகின்றதென்று விரலால் தடவிப் பார்த்தல் பேரபாயம். கண்ணுக்குத் தெரியாத நூல்போன்ற தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். உள்ளே தசை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரும். அத்தகைய காயம் பட்டவரை நோவு இல்லையென்று விட்டுவிடாமல், எந்த எண்ணெய் பாய்ந்தது என்பதையும் சொல்லி உடனே மருத்துவமனையிற் சேர்க்கவேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். குழாயைக் கழற்றுதல் பழகிய மெக்கானிக்கின் வேலை.

நான்காவது, புகைக்குழாயை அணுகுதல். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ற லாரிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி அமைந்துள்ளது. எரிக்கும் சமயத்தில் அதனுள் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூடு உண்டாகும். அப்பாகம் ஆற நெடுநேரம் செல்லும். ஆகவே களத்து வைக்கோலின்மீதும் காய்ந்த புல்லின்மீதும் சூடான வண்டியை நிறுத்துதல் கூடாது.

புகையும் பழைய எண்ணெயும்

எண்ணெயை இளஞ்சூடாக்க வேண்டிக் கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவோர் உளர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி, இவ்வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைக் குறித்து 1895-இல் வெளியிட்டார். டீசல் எஞ்சினில் இவ்வாயு பெட்ரோல் எஞ்சினைக் காட்டிலும் குறைவே. ஆயினும் இல்லாமற் போகவில்லை. அன்றியும், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் முடிவு கூறியது. ஆதலின் எஞ்சினைச் சூடாக்கவேண்டின் வண்டியைத் திறந்த வெளியில் சிறிது தூரம் ஓட்டி வருவதே நல்வழி.

வடித்த பழைய எண்ணெயிலும் நஞ்சுண்டு. அது தோலில் நாள்தோறும் படுவது தீது. கையுறை அணிதலும், வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவுதலும் வேண்டும். அதனைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ ஊற்றினால் மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் அடங்கும். மூடியுள்ள டப்பாவிற் சேர்த்து, அனுமதி பெற்று மறுசுத்தி செய்வோரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

எவ்வளவு கவனமாயிருந்தும் கை சுட்டுவிட்டால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுவோம். சுட்ட இடத்தை உடனே ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் பிடித்திருக்கவேண்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீங்குமுன் கழற்றிவிடவேண்டும். மை, பற்பசை, எண்ணெய், மாவு முதலியவற்றைத் தடவுதல் கூடாது. பனிக்கட்டி வைத்தலும் கூடாது. கொப்புளத்தைக் கிள்ளுதல் கூடாது. தூய துணியால் தளர மூடி மருத்துவரிடம் செல்லவேண்டும். என் சிற்றப்பாவின் கையில் நாங்கள் முதலில் தடவியது பேனா மை. அதனைக் கழுவி எடுக்க மருத்துவர் பட்ட பாட்டையும், அப்பொழுது அவர் பட்ட வேதனையையும் நான் மறவேன்.

சூட்டின் கால அட்டவணை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் இரவின் ஒழுங்கு தானே அமைந்துவிடுகின்றது. வண்டி வந்தவுடன் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. உடனே சக்கரங்களைச் சுற்றி வந்து அனலைப் பார்க்க. பின்னர் வண்டியை விட்டு விலகுக. இளஞ்சூடு வந்தபின் எண்ணெய் வேலையைச் செய்க. விடியற்காலையில், யாவும் ஆறியபின், ரேடியேட்டர் நீரையும் டயர்க் காற்றையும் பார்க்க. பாரம் ஏற்றப் புறப்படும் நேரம் இதனால் தாமதப்படுவதில்லை. அன்றிரவு என் சிற்றப்பா திறந்த மூடியை, நான்கு மணி நேரம் உறங்கி எழுந்து திறந்திருந்தாலும், விடியுமுன் புறப்பட்டிருக்கலாம்.

அவர் கை ஆறிவிட்டது. முழங்கைவரை தோல் மட்டும் சுருங்கி நிறம் மாறியிருக்கின்றது. இப்பொழுது வண்டியை நிறுத்தியதும் சக்கரங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கைகால் கழுவி உண்கிறார். உண்டு, சிற்றன்னையோடு வீட்டுக் காரியம் பேசி முடியும்போது எஞ்சினும் தக்க பதத்துக்கு வந்துவிடுகின்றது. முன்னெல்லாம் எஞ்சினுக்கு அஞ்சி உணவைத் தள்ளிவைப்பார். இப்பொழுது எஞ்சின் ஆறும் நேரமே அவருக்கு உணவு நேரமாயிற்று.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். உழைத்துக் களைத்து வந்த பெரியவருக்கு, மறுநாட் பாரமும் மாதத் தவணையுமே கண்முன் நிற்கும். வேகமே நன்றெனத் தோன்றும். அவ்வேளையில் அருகிருந்து விளக்குப் பிடிக்கும் பேறு உங்களுக்குக் கிட்டினால், வாளா நில்லாதீர்கள். “சித்தப்பா, சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போமே” என்று வணக்கமாய் ஒரு சொல் சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறிய சொல் அது.